பன்னிரண்டு சல்பேட்

1983 மார்ச்சில், அரியலூர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் பிளஸ் டூ வேதியியல் பிராக்டிகல் நடந்தது. தேர்வாளர் சிங்காரவேலு திருச்சியிலிருந்து டை கட்டி வந்திருந்தார். "விஞ்ஞானம் பொய் சொல்லாது" என்று காலையிலேயே மூன்று முறை சொல்லிவிட்டார்.

பன்னிரண்டு பேருக்கும் கொடுத்தது ஒரே உப்பு. குன்னம் கிராமத்து மலர்க்கொடி அதைக் கரைத்து பேரியம் குளோரைடு விட்டாள். வெள்ளையாகப் படிந்தது. அமிலம் விட்டும் கரையவில்லை. சல்பேட் என்று எழுதிவிடலாம். ஆனால் மற்ற சோதனைகளெல்லாம் குளோரைடு என்றன. சந்தேகப்பட்டு, உப்பே போடாத வெறும் தண்ணீரில் விட்டுப் பார்த்தாள். அதுவும் வெளுத்தது.

அட்டெண்டர் தர்மனைப் பார்த்தாள்.

"தண்ணி வடிக்கிற மிஷினு ரிப்பேராயி மூணு வருசமாச்சு பாப்பா," என்று முணுமுணுத்தார் அவர். "போர் தண்ணிதான் புடிச்சு வெக்கிறேன்."

தோண்டினால் ஜிப்சம் என்கிற சல்பேட் கல் வருகிற ஊர். தண்ணீரில் சல்பேட் இல்லாவிட்டால்தான் அதிசயம்.

விவசாயக் கல்லூரிக்குப் போக அவளுக்கு இந்த மார்க் வேண்டும். குளோரைடு என்று எழுதி, வெறும் தண்ணீரைச் சோதித்ததையும் குறித்து நீட்டினாள்.

"தண்ணிய டெஸ்ட் பண்ணச் சொன்னது யாரு?" என்றார் சிங்காரவேலு. "பாட்டில்ல டிஸ்டில்டு வாட்டர்னு ஒட்டியிருக்குல்ல?"

"ஒட்டித்தாங்க சார் இருக்கு. ஆனா வெறும் தண்ணியிலயே பேரியம் சல்பேட் படியுதே."

"அது ஏன் கரையல? சொல்லு."

"பேரியத்துக்கு ரெண்டு மின்சுமை, சல்பேட்டுக்கும் ரெண்டு. ஒண்ண ஒண்ணு இறுக்கிப் புடிச்சுக்கும். தண்ணி சுத்தி நின்னு இழுத்தாலும் பிரிக்க முடியாதுங்க."

"மக்னீசியம் சல்பேட்டும் ரெண்டு ரெண்டுதான். அது மட்டும் கரையுதே!" பந்தயத்தில் ஜெயித்தவர் போலச் சிரித்தார்.

"மக்னீசியம் சின்னதுங்க சார். தண்ணி ஒட்டி நின்னு புடிச்சுக்கும். அதான் இழுத்துருது."

சிரிப்பு நின்றது. விடை உறையைப் பிரித்தார்: அம்மோனியம் குளோரைடு. மற்ற பதினொரு தாள்களையும் புரட்டினார். சல்பேட், சல்பேட், சல்பேட்.

பதினொரு பேரும் தப்பென்றால் மேலிடம் காரணம் கேட்கும். தண்ணீர் என்று எழுதினால் விசாரணை. விசாரணை என்றால் மறுபடியும் இந்த வெயிலில் பஸ். உறையிலிருந்த விடைக்குறிப்பில் குளோரைடை அடித்து, சல்பேட் என்று எழுதி, ஓரத்தில் கையெழுத்துப் போட்டார்.

"எல்லாரும் ரைட்டு. நீயும் மாத்திரும்மா."

"உப்பு குளோரைடுதானுங்களே சார்?"

"மாத்துறியா, சைபர் போடவா?"

மலர்க்கொடி தன் தாளில் குளோரைடை அடித்தாள். பேனா முனை தாளைக் கிழித்தது.

"பாத்தும்மா," என்றார் அவர். "அழகா எழுதுறதுக்கும் ஒரு மார்க் இருக்கு."