கேஷியரம்மா செய்த தப்புகள்

பிஸ்கட் கம்பெனியில் தரக்கட்டுப்பாடு பார்த்த மனிதரைக் கட்டிக்கொண்டு குடும்பம் நடத்துவது எப்படி இருக்கும் என்று கேஷியரம்மாவைக் கேட்க வேண்டும். பெல்ட்டில் ஓடிவரும் பிஸ்கட்டுகளில் ஓரம் கருகியது, நடுவில் கீறியது, பூ சரியாகப் பதியாதது என்று காலமெல்லாம் பொறுக்கி எறிந்தவர் அவள் கணவர். ஓய்வு பெற்ற மறுநாள் காலையில் கண் விழித்துப் பார்த்தார். பிஸ்கட் இல்லை. மனைவி இருந்தாள்.

அவள் போர்வையை மடித்தால் ஓரம் சேரவில்லை. துணி காயப்போட்டால் கிளிப் கோணல். தங்கையோடு போனில் பேசிவிட்டு வைத்தால், "நீ சொன்ன மாதிரி அது செவ்வாய்க்கிழமை இல்ல, புதன்கிழமை" என்பார். கடுகடுவென்று சொன்னாலாவது நாலு வார்த்தை திருப்பிக் கொடுக்கலாம். மனிதர் சிரித்த முகத்தோடு, அன்பாகச் சொல்வார். அதில்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவளும் வங்கியில் கேஷியர் வேலையை முடித்துவிட்டு வீட்டோடு இருந்தவள்தான். ஒருநாள் சலவைக் கடைக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருப்பதைப் பார்த்தாள். மாடியில் இருக்கும் கம்ப்யூட்டர் கிளப்பின் நூலகத்தைப் பார்த்துக்கொள்ள சனிக்கிழமைகளில் ஆள் தேவை, சம்பளம் கிடையாது. சம்பளம் யாருக்கு வேண்டும்? கையிலிருந்த துணி மூட்டையோடு அப்படியே படியேறிவிட்டாள்.

நூலகம் என்று பெயர் பெத்த பெயர். ஒரு காலத்தில் சலவைக் கடைக்காரர் இஸ்திரி மேசைகளைப் போட்டுவைத்த அறை அது. ஒரு ஜன்னல், ஒரு நாற்காலி, சுவரோடு சுவராக அலமாரி. கீழேயிருந்து சோப்பு வாசனையும் வெந்நீர் ஆவியும் வரும். ஆனால் அங்கே அவள் ஒரு புத்தகத்தைத் தலைகீழாக வைத்தாலும் கேட்க நாதி கிடையாது. முதல் சனிக்கிழமை வேண்டுமென்றே ஒன்றைத் தலைகீழாக வைத்துவிட்டு, சாயங்காலம் வரை அதைப் பார்த்துப் பார்த்து மகிழ்ந்தாள்.

ஒரே ஒரு குறை, அலமாரியில் ஒன்றிரண்டைத் தவிர புத்தகமே இல்லை. உறுப்பினர்கள் எடுத்துக்கொண்டு போனது போனதுதான். கிளப்பின் தலைவர் ஒரு பல் டாக்டர். யாருக்கும் வலிக்காமல் பேசத் தெரிந்தவர்.

"கேஷியரம்மா, தப்பா நினைச்சுக்காதீங்க. வெறும் அலமாரிக்கு எதுக்கு ஒரு ரூம்? நமக்கு த்ரீ-டி பிரிண்டர் வருது. ஆண்டுக் கூட்டத்துக்குள்ள புத்தகமெல்லாம் திரும்பி வந்தா பார்ப்போம். இல்லைன்னா ரூமை அதுக்குக் குடுத்துடலாம்."

இந்த அறை போனால் சனிக்கிழமையும் வீடுதான், சனிக்கிழமையும் கிளிப் கோணல்தான்.

கிளப்பின் வாட்ஸ்அப் குழுவில் தினமும் செய்தி போட்டாள். அன்பாகக் கேட்டாள், கெஞ்சினாள், கடைசியில் கொஞ்சம் சூடாகவும் கேட்டுப் பார்த்தாள். பதிலுக்கு வரிசையாகக் கும்பிடு போடும் பொம்மைகள் வந்தன. புத்தகம் ஒன்றும் வரவில்லை. ஒருவருக்கும் காதில் ஏறவில்லை.

அப்படி ஒருநாள் அவசரத்தில் தட்டியபோதுதான் கை தவறியது. கம்ப்யூட்டரை அணைத்தால் ரேமில் இருப்பது அழிந்துபோகும் என்று விளக்கும் புத்தகம் எங்கே என்று கேட்க நினைத்தவள், அழிந்துபோகாது என்று போட்டுவிட்டாள். அடேயப்பா! செத்துக் கிடந்த குழு எழுந்து உட்கார்ந்துவிட்டது. அழியும் என்றார் ஒருவர். நிச்சயமாக அழியும் என்றார் மற்றொருவர். குழுவிலிருந்த எலக்ட்ரீஷியன் ஒருவரோ ஒயரிங் வேலையைப் பாதியில் போட்டுவிட்டு, மூச்சிரைக்கப் படியேறி வந்து, அவள் மூக்குக்கு நேரே பக்கத்தைப் பிரித்துக் காட்டினார்.

"பாருங்கக்கா, என்ன போட்டிருக்கு?"

"அட, ஆமா. குடுங்க, நிதானமாப் படிச்சுப் பார்க்கிறேன்."

வாங்கினாள், அலமாரியில் வைத்தாள். தான் சொன்னது சரி என்ற நிறைவோடு எலக்ட்ரீஷியன் இறங்கிப்போனார். புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம் என்பதே அந்த மனிதருக்கு உறைக்கவில்லை.

கேஷியரம்மாவுக்குப் பொறி தட்டியது. கட்டின கணவனிடம் இத்தனை காலம் பட்ட பாடு என்ன வீணா? இவர்களெல்லாம் அதே ஜாதிப் பூச்சிகள்தான். கேட்டால் அசைய மாட்டார்கள், தப்பாகச் சொன்னால் பறந்து வருவார்கள்.

அதன் பிறகு அவள் ஒரு செய்தியும் சரியாக எழுதவில்லை. தப்பாக எழுதுவது லேசு என்று நினைக்காதீர்கள். எது சரி என்று தெரிந்தால்தானே கச்சிதமாகத் தப்பு விட முடியும்? வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்துத்தான் எழுதினாள். கணினி எல்லாவற்றையும் ஒன்றிலிருந்துதான் எண்ணத் தொடங்கும் என்று போட்டாள். பூஜ்யத்திலிருந்து அல்லவா எண்ணும் என்று மூன்று பேர் மூன்று புத்தகத்தோடு வந்தார்கள். பாஸ்வேர்டை மானிட்டரில் ஒட்டிவைப்பதுதான் பாதுகாப்பு என்று போட்டாள். பல் டாக்டரே, நோயாளியை வாயைத் திறந்தபடி உட்காரவைத்துவிட்டு ஓடிவந்தார் என்று கேள்வி. அவர் கையிலும் கிளப் புத்தகம்தான் இருந்தது.

ஆண்டுக் கூட்டத்துக்கு முதல் நாள் பாக்கி ஒன்றே ஒன்று. வைரஸ் பற்றிய புத்தகம். அதில் இரண்டு பிரதிகள். ஒன்று வெளியே போயிருந்தது, மற்றது தப்பு தயாரிப்பதற்காக அவள் வீட்டு மேசையில் கிடந்தது. 'வைரஸ் பிடித்த கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் இன்னொன்றை வைத்தால் அதற்கும் ஒட்டிக்கொள்ளும், இடைவெளி விடவும். ஆதாரம்: ஐந்தாம் அத்தியாயம்' என்று எழுதிக்கொண்டிருந்தாள். தோளுக்குப் பின்னாலிருந்து கணவரின் குரல் வந்தது.

"அப்படியா போட்டிருக்கு?"

"போட்டிருக்குங்க."

"நான் பார்த்தேன். ஐந்தாம் அத்தியாயத்துல அப்படி இல்லையே."

"இருக்கட்டும், விடுங்க."

விடச் சொன்னாள் அந்த மகராசி. யாரிடம்?

கூட்டத்தன்று அலமாரி நிறைந்திருந்தது. வெளியே போயிருந்த வைரஸ் புத்தகமும், எடுத்துப்போனவர் கையோடு, சரமாரியான விளக்கத்தோடு வந்துசேர்ந்தது. பல் டாக்டர் ஒரு முறை அலமாரியைப் பார்த்தார், ஒரு முறை அவளைப் பார்த்தார். "ரூம் உங்களுக்குத்தான் கேஷியரம்மா. பிரிண்டரை ஹாலிலேயே வச்சுக்கறோம்" என்றார். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

அப்போதுதான் படியில் காலடிச் சத்தம் கேட்டது. எத்தனையோ வருஷம் கேட்ட சத்தம். கையில் மற்றொரு பிரதியோடு கணவர் வந்து நின்றார்.

"மன்னிக்கணும். என் வீட்டுக்காரம்மா ஒரு விஷயத்தைத் தப்பா எழுதிட்டாங்க. அத்தியாயம் முழுசாப் படிச்சுட்டேன்."

"நாங்களும் அதைத்தான் சொல்லிட்டிருந்தோம்" என்றார் எலக்ட்ரீஷியன்.

"நீங்க சொன்னதுலயும் ஒரு சின்னத் திருத்தம் இருக்கு" என்றார் கணவர்.

அவ்வளவுதான். மடை திறந்துவிட்டது. அவர் இவரைத் திருத்த, இவர் அவரைத் திருத்த, ஹாலே களைகட்டியது. ஓய்வு பெற்றதிலிருந்து கணவரின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அவள் கண்டதில்லை. பாவம், இந்த மனிதருக்கு இது எவ்வளவு தேவைப்பட்டிருக்கிறது என்று அவளுக்கு மனசு இளகியது. இளகிய அந்த நேரம் பார்த்து பல் டாக்டர் வாயைத் திறந்தார்.

"கேஷியரம்மா, உங்களுக்குத் துணையா சாரையும் லைப்ரரியில போட்டுடலாமே. சனிக்கிழமை ரெண்டு பேரும் சேர்ந்தே வரலாம்."

எல்லோரும் கைதட்டினார்கள். கணவர் அதற்குள் அறைக்குள் போய், "இந்தப் புத்தகம் தலைகீழா இருக்கே" என்று நேராக வைத்துக்கொண்டிருந்தார். கேஷியரம்மாவுக்கு இளகிய மனசு பழையபடி இறுகியது.

"தாராளமாப் போடலாம் டாக்டர்" என்றாள் இனிக்க இனிக்க. அலமாரியின் அடித்தட்டிலிருந்து தலையணை கனத்துக்கு ஒரு புத்தகத்தை இரண்டு கையாலும் தூக்கி வந்தாள். "ஏங்க, இதைக் கொஞ்சம் பாருங்களேன். இதுல ஒரு தப்புகூடக் கிடையாதுன்னு இவங்க எல்லாரும் அடிச்சுச் சொல்றாங்க. நீங்க முழுசாப் படிச்சுட்டு, ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா போதும். அடுத்த சனிக்கிழமையே உங்களுக்கும் இங்க ஒரு நாற்காலி."

கணவர் அதை வாங்கிக் கையில் எடை பார்த்தார். முதல் பக்கத்தைப் பிரித்தார். புருவம் ஏறியது.

"அதெப்படி இல்லாமப் போகும்?" என்றவர், யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல், வேலைக்கு நேரமாகிவிட்டவர் போல விறுவிறுவென்று படியிறங்கினார்.

பல் டாக்டர் அவள் பக்கம் குனிந்து, "அவ்வளவு பெருசை அவர் எப்பம்மா முடிப்பாரு?" என்றார்.

"முடிக்கட்டுமே" என்றாள் கேஷியரம்மா, தன் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தபடி. "அது முதல் பாகம்தான்."