ஓடினால் வரும் குளிர்

கடைசி பாட்டில் தண்ணீரையும் ரேடியேட்டருக்குள் கவிழ்த்துவிட்டு ரஸ்மாட் மூடியைத் திருகினார். கையில் துணியைச் சுற்றியிருந்தும் விரல் சுட்டது. அது அவர் தம்பி தார்யோ நோன்பு திறப்பதற்கு வைத்திருந்த பாட்டில். பிடுங்கியதல்ல, அவனே கொடுத்தது.

"ஊத்துண்ணே. நான்தான் இப்பக் குடிக்க மாட்டேனே" என்று பின்சீட்டிலிருந்து நீட்டினான்.

ரஸ்மாட்டின் பாட்டில் மத்தியானமே காலி. பயணத்தில் நோன்பு விடலாம் என்று சொல்லி அவர் வயிறு முட்டக் குடித்திருந்தார். தார்யோவும் விட்டிருக்கலாம். போன மாதம்தான் நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்தான். ஆனாலும் விடவில்லை. சின்ன வயதிலிருந்தே நல்ல பிள்ளை. ரஸ்மாட்டுக்கு நல்ல பிள்ளைகளைக் கண்டால் ஆகாது.

ஜகார்த்தா மொத்தமும் பெருநாளுக்கு ஊருக்குக் கிளம்பி இந்த ஒரு ரோட்டில் வந்து நின்றுவிட்டது. சுங்கச் சாவடி எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. எல்லா வண்டிகளும் நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருந்தன. பக்கத்து பஸ்ஸின் புகைக்குழாய் நேராக இவர்கள் ஜன்னலைப் பார்த்திருந்தது. ஜன்னலைத் திறந்தால் புகை, மூடினால் வேக்காடு.

வண்டி ஓட்டிவந்தவன் ரஸ்மாட்டின் மருமகன் இர்வான். "ஏசியைக் கொஞ்சம் போட்டுப் பாக்கட்டுமா மாமா?" என்றான்.

"போட்டா வெப்ப ஊசி மறுபடியும் ஏறும். இஞ்சின் போச்சுன்னா தம்பியைத் தோள்ல தூக்கிட்டு நம்ம ஊர் தெகால் வரைக்கும் நீ நடப்பியா?"

"போட்டாலும் சூடாத்தான் வருது. அந்த ஒர்க்‌ஷாப்காரர் அப்பவே சொன்னாரு, ஏசி ஃபேன் சுத்தல, டிராபிக்ல நின்னா மாட்டிப்பீங்கன்னு."

"சொல்லுவான். கழட்டினாத்தானே அவனுக்குச் சோறு. நேத்து நானே ஓட்டிப் பாத்தேன், பல்லு கிட்டிருச்சு. கெட்டுப்போன ஏசி அப்படிக் குளிருமா?"

நேற்று அவர் ஓட்டியது ஆளெல்லாம் ஊருக்குப் போய் காலியாகிக் கிடந்த ஜகார்த்தா ரோட்டில். ஓடுகிற வண்டிக்கு எதிர்காற்றே ஃபேன். நிற்கிற வண்டிக்குத்தான் ஃபேன் வேண்டும். ஒர்க்‌ஷாப்காரன் இதையும் சொல்லத்தான் செய்தான். அதற்குள் ரஸ்மாட் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அவர் முன்சீட்டிலிருந்து திரும்பிப் பார்த்தார். தார்யோ கண்ணாடியில் தலையைச் சாய்த்துக் கிடந்தான். நரைத்த முடி வேர்வையில் நெற்றியோடு ஒட்டியிருந்தது.

"என்னடா ஹாஜியார், சொர்க்கம் தெரியுதா?"

"தெரியுதுண்ணே. உனக்கும் ஒரு சீட்டுல துண்டு போட்டு வைக்கிறேன்."

"ஜன்னலோரமாப் போடு."

"அங்க ஏசியை யாருண்ணே பாத்துக்கிறாங்க?"

இர்வான் சிரித்துவிட்டான். ரஸ்மாட் அவனை முறைத்தார்.

நாளைக் காலைப் பெருநாள் தொழுகைக்கு ஊர்ப் பள்ளிவாசலில் நிற்க வேண்டும், மகள் ரத்னா கையால் சாப்பிட வேண்டும். தார்யோ கேட்டது அவ்வளவுதான். டாக்டர் பயணம் வேண்டாம் என்றார். டாக்டர் சொல்லிவிட்டாரே என்பதற்காகவே ரஸ்மாட் வண்டியை எடுத்தார்.

வண்டி ஆறடி நகர்ந்தது, நின்றது. இர்வான் கையைப் பின்னால் நீட்டி தார்யோவின் கழுத்தைத் தொட்டான்.

"மாமா, சின்ன மாமாவுக்கு இப்ப வேர்க்கவே இல்ல. உடம்பு கொதிக்குது."

"வேர்க்கலேன்னா நல்லதுதானே. சூடு தணிஞ்சிருச்சுன்னு அர்த்தம்."

"முன்னால முதலுதவிக் கூடாரம் போட்டிருக்காங்களாம். ஓடிப்போய் ஆளைக் கூட்டிட்டு வந்துடறேன்."

"கூட்டிட்டு வா. வந்து ஊசியைக் குத்தி ஆஸ்பத்திரில தள்ளுவான். பெருநாள் லீவுல எந்த டாக்டர் இருப்பான்? ஒரு வாரம் வராந்தாவுல கிடப்பான். அவனுங்களை எனக்குத் தெரியும். பேசாம ஓட்டு."

"ஓட்டறதுக்கு எங்க மாமா இருக்கு?"

"அப்ப பேசாம உக்காரு."

தார்யோ ஏதோ சொன்னான். கேட்கவில்லை. இரண்டாம் முறை கேட்டது.

"தண்ணி."

வெயில் இன்னும் பஸ்ஸின் தலைக்கு மேலே நின்றது. தண்ணீர் ஒரு சொட்டு இல்லை என்று ரஸ்மாட்டுக்குத் தெரியும். அதைச் சொல்ல வாய் வரவில்லை.

"இன்னும் நேரமாகலடா. இவ்வளவு நேரம் தாங்கிட்ட, இப்ப விடப் போறியா?"

தார்யோ அண்ணனைப் பார்த்தான். பிறகு கேட்கவில்லை.

இர்வான் இறங்கி பஸ்ஸை நோக்கி ஓடினான். ரஸ்மாட் முன்னால் பார்த்து உட்கார்ந்திருந்தார். கண் வெப்ப ஊசியின் மேல் இருந்தது. பின்னால் மூச்சு இழுபடும் சத்தம் கேட்டது. அப்புறம் கேட்கவில்லை. தூங்கட்டும் என்று நினைத்துக்கொண்டார். அவர் திரும்பவில்லை.

இர்வான் அரை பாட்டிலோடு வந்து கதவைத் திறந்து தார்யோவின் வாயில் வைத்தான். தண்ணீர் உள்ளே போகாமல் கடைவாயில் வழிந்து சட்டையை நனைத்தது. "சின்ன மாமா" என்று உலுக்கினான். கைபோன போக்கில் இன்னும் கொஞ்சம் ஊற்றினான்.

"சிந்தாதே" என்றார் ரஸ்மாட்.

அவர் இறங்கிப் போய்த் தம்பியின் கண்களை மூடினார். இன்னா லில்லாஹி சொன்னார். தாடை தொங்காமல் இருக்கத் துண்டால் கட்டினார். சீட் பெல்ட்டை இழுத்து மாட்டினார். பிறகு இர்வான் கையிலிருந்த பாட்டிலை வாங்கி, முன்னால் போய், மிச்சத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினார். இர்வான் பார்த்துக்கொண்டே நின்றான்.

"என்ன பாக்குற? வண்டி ஊர் போய்ச் சேர வேணாமா?"

பாங்கு சொல்லும்போதும் அதே பஸ்ஸின் பக்கத்தில்தான் நின்றார்கள். ஜனங்கள் இறங்கி ஒவ்வொரு வண்டியாகப் போய்ப் பேரீச்சம்பழமும் ஐஸ் போட்ட தேநீரும் நீட்டினார்கள். முக்காடு போட்ட ஒரு பெண் இவர்கள் ஜன்னலிலும் குனிந்தாள்.

"எத்தனை பேருங்க? மூணா?"

"மூணு" என்றார் ரஸ்மாட்.

"பின்னால பெரியவரு தூங்குறாரே. எழுப்புங்க, நோன்பு திறக்கணும்ல. துண்டு என்ன, பல்வலியா?"

"ஆமா. ராத்திரியெல்லாம் தூங்கல. அவன் பங்கை வச்சிட்டுப் போம்மா, எழுந்து குடிப்பான்."

அவள் போனதும் ரஸ்மாட் தன் தேநீரை ஒரே மூச்சில் குடித்தார். தம்பியின் தேநீரைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார். பிறகு அதையும் குடித்தார். இர்வான் தன்னுடையதைத் தொடவில்லை.

"ரத்னாவுக்குப் போன் பண்ணணும் மாமா."

"பண்ணி? அழுதுட்டே சமைக்கச் சொல்றியா? போய்ச் சொல்லிக்கலாம்."

இருட்டிய பிறகு முன்னால் எங்கேயோ ஏதோ அவிழ்ந்தது. வண்டிகள் ஊர்ந்தன, பிறகு ஓடின. சுங்கச் சாவடி பின்னால் போயிற்று. இரண்டு பக்கமும் வெங்காய வயல். இர்வான் கியரை மாற்றினான். ஊசி தானாக இறங்கியது. ரஸ்மாட் கையை நீட்டி ஏசியைப் போட்டார்.

முதலில் சூடாக வந்தது. கொஞ்ச நேரத்தில் ஐஸ் பெட்டியைத் திறந்ததுபோல் வந்தது.

"பாத்தியா? ஏசிக்கு ஒண்ணுமில்லேன்னு நான் சொன்னேன்ல."

இர்வான் ரோட்டைப் பார்த்து ஓட்டினான். ஜன்னல்களை ஒவ்வொன்றாக ஏற்றினான். சிறிது தூரம் போனதும் அவன் தோள் நடுங்கியது.

"குறைச்சு வைக்கட்டுமா மாமா? ரொம்பக் குளிருது."

"வேணாம்" என்றார் ரஸ்மாட். "முழுசாவே இருக்கட்டும். ஊர் இன்னும் தூரம்."

அவர் மேலே இருந்த கண்ணாடியைப் பார்த்தார். பின்சீட்டுக்குக் காற்று போய்ச் சேர்ந்திருந்தது. தார்யோவின் நெற்றியில் ஒட்டிக் கிடந்த முடி காய்ந்து, லேசாக ஆடிக்கொண்டிருந்தது.