பாலத்தடியில் விரதம்

யதுர்ஷிகாவைப் போல் சாமிக்குப் பயந்த பெண்ணை மாங்குளம் பக்கம் யாரும் கண்டதில்லை. பாலம் கட்டும் இடத்துக்குப் பொறியியலாளராக வந்த முதல் நாளே, நீட்டிய தேத்தண்ணியை வேண்டாம் என்றாள். "விரதம் அண்ணை" என்று போர்மன் குகதாசனிடம் சொன்னாள். செவ்வாய் முருகனுக்கு, வெள்ளி அம்மனுக்கு என்றவள், போகப் போகச் சனீஸ்வரனையும் பிள்ளையாரையும் சேர்த்துக்கொண்டாள். வேலை முடியும்வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாது.

சாமிகளுக்கு இது ஒன்றும் தெரியாது. அந்தக் காட்டோரத்தில் பெண்களுக்கென்று ஒரு கக்கூஸ் இல்லை, அவ்வளவுதான். ஆண்களுக்கு மரத்தடி போதும். அதனால் அது ஒரு குறையாகவே அவர்களுக்குத் தெரியவில்லை. அத்தனை ஆண்களுக்கு நடுவே இதை எந்த முகத்தோடு கேட்பது? கேட்டால், "பொம்பிளைப் பிள்ளைக்கு இந்த வேலை சரிவராது எண்டு அப்பவே சொன்னனாங்கள்" என்பார்கள். அந்தக் கதைக்கு இடம் கொடுப்பதைவிடத் தாகத்தோடு கிடக்கலாம் என்று நினைத்தாள். பிடிவாதக்காரி.

உடம்பு கேட்கவில்லை. குளிரும் காய்ச்சலுமாக ஆஸ்பத்திரிக்குப் போனால், சிறுநீரில் கிருமியாம். "தண்ணி குடிக்காட்டி சிறுநீரகம் பழுதாப்போகும் பிள்ளை" என்று டொக்டர் அதட்டினார். வேறு வழியில்லாமல், மேசை வேலைக்குக் கிளிநொச்சிக் கந்தோருக்கே தன்னை மாற்றிவிடும்படி மேலதிகாரி தில்லைநாதனிடம் கேட்டாள். "யோசிச்சுப்போட்டு நாளைக்குச் சொல்லும்" என்றார் அவர். அடுத்த கிழமை பாலத்தின் மேல்தட்டுக்குக் கொங்கிறீட். அவள் கணக்குப் போட்ட பாலம். அதை வேறொருவன் நின்று போடுவான் என்று நினைக்கவே வயிறு எரிந்தது.

மறுநாள் காலை குகதாசன் பல்லெல்லாம் தெரிய வந்தார்.

"மிஸ், உங்கட விரதம் பலிச்சிட்டுது! புதுக்குடியிருப்பில நல்ல மாப்பிள்ளை ஒண்டு. என்ர மனுசிதான் விசாரிச்சவா. பெடியன் வாத்தி."

வேலையாட்கள் எல்லோரும் சிரித்த முகத்தோடு நின்றார்கள். யதுர்ஷிகாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"அண்ணை, நான் மாப்பிள்ளைக்கு விரதம் இருக்கேல்லை. இஞ்ச பொம்பிளையளுக்குக் கக்கூஸ் இல்லை. அதுதான் தண்ணி குடிக்கிறேல்லை. இப்ப காய்ச்சல் வருத்தம் வந்திட்டுது. நான் போகப்போறன்."

கல் சுமக்கும் பெண்களில் ஒருத்தியான பேச்சியம்மா தலையிலிருந்த கல் தாச்சியைக் கீழே போட்டாள்.

"நாங்க மட்டும் என்ன? யானைக்கும் பயம், ஆம்பிளையளுக்கும் பயம். ஒருத்தி போனா ஒருத்தி காவல் நிக்கிறம். படிச்ச பிள்ளை வந்திருக்கு, அது கேக்கும் எண்டு பாத்துக்கொண்டிருந்தம் மிஸ்."

யதுர்ஷிகாவுக்குச் சுருக்கென்றது. இவ்வளவு நாளும் தன் மானத்தை மட்டும் பார்த்துவிட்டாள்.

குகதாசனின் முகம் செத்துப்போயிற்று. "வாய் திறந்து சொல்லியிருக்கக் கூடாதோ பிள்ளை?" என்றார். பிறகு கம்பி வளைத்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்துக் கத்தினார். "கம்பியை விடுங்கோடா. முதல்ல கக்கூசுக்குக் கிடங்கை வெட்டுங்கோ!"

பின்னேரத்துக்குள் தகரக் கொட்டில் ஒன்று எழும்பிவிட்டது. கதவுக்கு உள்ளே கொக்கி இரண்டு போடவேண்டும் என்று யதுர்ஷிகா பக்கத்தில் நின்று போடுவித்தாள். முதல் ஆளாகப் பேச்சியம்மா போனாள். காவலுக்கு யாரையும் கூப்பிடவில்லை.

தில்லைநாதன் தொலைபேசியில் வந்தார். "என்ன பிள்ளை, கந்தோருக்கு வாறீரோ?"

"இல்லை சேர். கொங்கிறீட் போடேக்க நான் இஞ்சதான் நிப்பன்."

அப்பாடா என்றிருந்தது. தண்ணீர்ப் போத்தலைத் திறந்து, எல்லோருக்கும் முன்னால் மடமடவென்று குடித்தாள்.