மயில்சாமியின் மூன்றாவது கட்டுரை

மயில்சாமி எழுதிய முதல் கட்டுரை பன்னிரண்டு பக்கம். தலைப்பு ‘தமிழர் பண்பாடும் இன்றைய தலைமுறையும்’. கூடவே கோயமுத்தூர் கணபதி வட்டார வியாபாரிகள் சங்கத் தலைவரிடம் கையெழுத்து வாங்கிய சிபாரிசுக் கடிதம் ஒன்றையும் சேர்த்து ஒரு தமிழ் இணைய இதழுக்கு அனுப்பினார். ரேஷன் கார்டிலிருந்து கரண்ட் கனெக்‌ஷன் வரைக்கும் நாலு பெரிய மனுஷர் சொல்லித்தானே நடக்கிறது, பத்திரிகை மட்டும் வானத்திலிருந்தா குதித்தது என்பது அவர் கட்சி. சிங்கப்பூரில் இருந்துகொண்டு அந்த இணைய இதழை நடத்திவந்த ஆசிரியர் இரண்டே வரியில் பதில் போட்டார். கட்டுரை எங்களுக்குப் பொருந்தாது. சங்கத் தலைவருக்கு எங்கள் வணக்கம். இரண்டாவது கட்டுரை பதினான்கு பக்கம் போயிற்று. அதற்குப் பதிலே வரவில்லை.

எரிந்துபோன மோட்டாருக்குக் காயில் சுற்றிக் கொடுக்கும் ரீவைண்டிங் கடைக்காரருக்கு நாற்பத்தெட்டு வயதில் எழுத்தாசை எதற்கு என்று தெருவே சிரித்தது. அவருக்கு எழுத்தின்மேல் ஆசையே கிடையாது. எல்லாம் மகள் லோகப்பிரியாவுக்காக. கம்ப்யூட்டர் வேலைக்கு அமெரிக்கா போனவள், உடன் வேலை செய்யும் வேற்றுச் சாதிப் பையனைக் கட்டிக்கொள்ளப் போவதாகப் போனில் சொன்னாள். “உனக்கு அப்பன் செத்துப்போயிட்டான்னு நெனச்சுக்கோ” என்று இவர் போனை வைத்துவிட்டார். சொன்ன பேச்சைக் கேட்டு வளர்ந்த பெண், அப்படியே நினைத்துக்கொண்டாள் போல. இரண்டு வருடமாகப் போன் இல்லை, கடிதம் இல்லை, அவளுடைய பழைய நம்பரும் மாறிவிட்டது. மனைவி ராசாத்தாள் அன்றிலிருந்து “சோறு போடட்டுங்களா” என்பதற்கு மேல் அவரிடம் ஒரு வார்த்தை பேசுவதில்லை.

மகளோடு படித்த பெண்ணிடம் போய்க் கெஞ்சிப் பார்த்தார். நம்பரைத் தரமாட்டேன் என்று அவள் லோகுவுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். இரக்கப்பட்டு ஒன்று மட்டும் சொன்னாள்: லோகு தினமும் ஆபீசில் அந்த இணைய இதழைப் படித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவாள். மகளின் கண் தினமும் படுகிற இடம் ஒன்று இருக்கிறது என்று தெரிந்தபிறகு மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை. அதில் எப்படியாவது தன் பேர் வந்துவிட வேண்டும் என்று பேனாவைத் தூக்கிவிட்டார்.

தெருமுனையில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த ஹிபாதான் அத்தனையையும் டைப் செய்து அனுப்பியவள். மூன்றாவது காகிதக் கட்டோடு அவர் வந்தபோது அவள் கைநீட்டவில்லை.

“ஏனுங்கண்ணா, அந்த இதழை ஒரு நாளாச்சும் படிச்சுப் பாத்திருக்கீங்களா?”

“இல்லீங்க அம்மணி. நாம எழுதறதுக்கு அதை எதுக்குங்க படிக்கோணும்?”

“என்ன மோட்டாருன்னு பாக்காமலே காயில் சுத்துவீங்களா நீங்க?”

இது அவருக்குப் புரிகிற பாஷை. ஒரு வாரம் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் அங்கேயே உட்கார்ந்து பழைய இதழ்களைப் படித்தார். வாசகர் கடிதங்களில் விஷயம் கிடந்தது. ஊரிலிருந்து பிளேனில் தூக்கிக்கொண்டு போன கிரைண்டர் அமெரிக்காவில் ஓடமாட்டேன் என்கிறது, புகைகிறது, என்ன செய்ய என்று ஆறு பேர் கேட்டிருந்தார்கள். ஒருவரும் பதில் சொல்லவில்லை. மயில்சாமிக்குக் கை துறுதுறுத்தது.

“ரெண்டு பக்கத்துக்கு மேல போகக்கூடாதுங்க. பண்பாடு வேண்டாம். மொத வரியிலயே விஷயத்துக்கு வந்துருங்க,” என்றாள் ஹிபா.

வந்தார். நூற்றுப்பத்து வோல்ட் ஊரில் நம் கிரைண்டரை ஓட்ட எத்தனை பெரிய டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும், ஏன் முதலில் வெறும் தண்ணீரோடு ஓடவிட்டுப் பிறகு அரிசியைப் போட வேண்டும், பெல்ட் தொய்ந்தால் என்ன ஆகும் என்று கடையில் நின்று சொல்வதுபோலவே எழுதினார். கடைசியில் நாலு வரி சேர்த்தார். ‘என் மகளும் அங்கேதான் இருக்கிறாள். நானே காயில் சுற்றிய கிரைண்டர் ஒன்றைக் கொடுத்தனுப்பினேன். இதையெல்லாம் சொல்லாமல் விட்டுவிட்டேன். தப்பு என்னுடையது.’

நாலாம் நாள் ஆசிரியரின் பதில் வந்தது. கட்டுரை அருமை, இப்படித்தான் வேண்டும். கடைசிப் பத்தி மட்டும் சொந்த விஷயமாக இருப்பதால் எடுத்துவிடச் சம்மதமா?

“எதுக்காக எழுதுனீங்களோ அதையே எடுக்கச் சொல்றாருங்களே,” என்றாள் ஹிபா.

மயில்சாமி திரையில் கட்டுரையின் அடிவரியைத் தொட்டுக் காட்டினார். “எடுத்துருங்க அம்மணி. அடியில மயில்சாமி, கணபதி, கோயமுத்தூர்னு இருக்குமுல்லீங்க. அது போதும்.”

கட்டுரை வெளியானதிலிருந்து அவர் காலையில் ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை சென்டருக்கு வந்து போனார். கடிதங்கள் குவிந்தன. டெக்சாசில் ஒரு அம்மாள் மூன்று வருடம் கழித்து நல்ல இட்லி சாப்பிட்டாளாம். அவர் ஒவ்வொன்றிலும் முதலில் அடியில் இருக்கும் பெயரைப் பார்ப்பார், பிறகு எழுந்துவிடுவார். பன்னிரண்டாம் நாள் எழுந்திருக்கவில்லை.

‘கட்டுரையாளருக்கு வணக்கம். எங்களிடமும் ஒரு கோயமுத்தூர் கிரைண்டர் இருக்கிறது. பெல்ட் தொய்ந்திருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? லோகப்பிரியா, நியூஜெர்சி.’

கட்டுரையாளர் என்ற சொல் அவரைச் சுருக்கென்று குத்தியது. இரண்டாம் தடவை படித்தபோதுதான் உறைத்தது. பெல்ட் பார்க்க லோகுவுக்கா தெரியாது? எட்டு வயதில் பள்ளிக்கூடம் விட்டு நேரே கடைக்கு வந்து, கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து, “இது தொளதொளன்னு இருக்குதுங்கப்பா” என்று வந்தவர்கள் முன்னாலேயே தீர்ப்புச் சொன்னவள். தெரிந்ததைத்தான் கேட்டிருக்கிறாள். அப்பன் பதில் சொல்வானா என்று பார்க்கிறாள். மயில்சாமி துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். ஹிபா எழுந்து போய் ஃபேனைக் கொஞ்சம் கூட்டிவைத்தாள்.

வாசகர் கேள்விக்கான பதில் ஐம்பது சொல்லைத் தாண்டக்கூடாது என்பது அந்த இதழின் விதி. ‘மன்னிச்சுக்கோ கண்ணு’ என்று எழுதினால் சொந்த விஷயம் என்று ஆசிரியர் வெட்டிவிடுவார். பன்னிரண்டு பக்கம் எழுதியவர் மூன்று நாள் அடித்து அடித்து எழுதினார். அடுத்த வாரம் அது ஓர் எழுத்துக்கூடக் குறையாமல் வெளிவந்தது.

‘விரலால் அழுத்திப் பார்த்தால் ஓரளவுக்குத் தெரியும். ஆனால் சத்தத்தைக் கேட்காமல் முடிவாக ஒன்றும் சொல்ல முடியாது. கடை நம்பர் மாறவில்லை. நம் ஊர் நேரம் காலை ஏழு மணியிலிருந்து இருப்பேன். பேச வேண்டிய அவசியம் இல்லை. போனைக் கிரைண்டர் பக்கத்தில் கொஞ்ச நேரம் வைத்தால் போதும்.’