காதில் விட்ட பால்

ஒரு கிழமை முழுக்க உள்துறைமுகத் தண்ணீருக்குள் கிடந்தேன். திமிங்கிலம் காட்டப் போகும் படகுகளின் அடியில் ஒட்டிய சிப்பிகளைச் சுரண்டுவது என் வேலை. கீழே எல்லாம் பச்சை, எல்லாமே மெதுவாக நடக்கும். கரையேறிய பிறகும் வலது காதுக்குள் கடல் அப்படியே நின்றுவிட்டது. முதலில் அரித்தது. சும்மா இருக்கத் தெரியாத கை, பஞ்சுக்குச்சியால் குடைந்து தள்ளியது. மறுநாள் சோறு மெல்லக்கூட ஏலவில்லை.

அடுத்த மாதம் எனக்கும் அம்ராவுக்கும் நிக்காஹ். அவள் பஸ் நிலையத்தடிப் பார்மசியில் வேலை செய்கிறாள். அவளிடமே போயிருக்கலாம். வீங்கிய காதோடும் கோணிய முகத்தோடும் அவள் முன்னால் நிற்க வெட்கம். வாயைத் திறந்தாலே குத்தியதால் அவளுடைய அழைப்புகளையும் எடுக்கவில்லை.

உம்மா ஒரு கரண்டியைக் கையால் மூடியபடி வந்தார்.

“அசையாமப் படு மகன். தாய்ப்பால். காது வலிக்கு இதைப் போல மருந்தில்ல.”

இளஞ்சூடாக ஏதோ உள்ளே இறங்கியது. மின்விசிறி எங்கோ தூரத்தில் சுற்றியது. துறைமுகத்தில் ஊதிய கப்பல் தலையணைக்குள்ளிருந்து ஊதியது போலிருந்தது. சுகமாக மிதந்தேன்.

பின்னேரம், என்னோடு வேலை செய்யும் முனாஸ் பார்க்க வந்தான். உம்மா பால் விட்டதைச் சொன்னதும், அது யாருடையது என்று கேட்டான்.

“பக்கத்து வளவு றிஷானாடதான்,” என்று சொல்லிவிட்டு உம்மா குசினிக்குள் போனார்.

றிஷானா அம்ராவின் றாத்தா, கூடப்பிறந்த அக்கா. கைக்குழந்தைக்காரி. முனாஸுக்குக் கண் விரிந்தது.

“டேய் நிப்றாஸ், பால் குடுத்தவ தாய். அப்ப றிஷானா உனக்கு உம்மா. அம்ரா உம்மாட தங்கச்சி, உனக்குச் சாச்சி. சாச்சியக் கட்டுவியா?”

அவன் சிரித்துக்கொண்டே போய்விட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒருத்தியின் பாலைக் குடித்த பிள்ளை அவளுக்குப் பிள்ளை என்பது தெரியும். காதால் குடித்தால் என்ன கணக்கு? அதை எனக்கு யாரும் ஓதித்தரவில்லை.

அப்படியே கண்ணயர்ந்தேன். துறைமுகத்தின் அடியில் ஒரு கதிரை. கல்யாணப் புடவையோடு அம்ரா உட்கார்ந்திருக்கிறாள், புடவை நனையவேயில்லை. மீன்கள் அவளைச் சுற்றி வருகின்றன. நான் நீந்தி நீந்திக் கிட்டப் போகிறேன். அவள் அன்பாகப் பார்த்து, “வாங்க மகன்,” என்கிறாள்.

விழித்தபோது அழுதுகொண்டிருந்தேன். அம்ரா இல்லாத வாழ்க்கையை நினைத்துப் பார்க்க என்னால் ஏலவில்லை.

விடிந்ததும் ஜமால்தீன் மௌலவியின் வீட்டுக்கு ஓடினேன். விஷயத்தைக் கேட்டு அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

“காதால குடிச்சி ஆரும் புள்ளயானதில்ல தம்பி. அது ரெண்டு வயசுக்குள்ள வயித்துக்குப் போற பாலுக்கு. கல்யாணத்த நடத்துங்க. அதுக்கு முந்தி அந்தக் காதுக்கு மருந்தெடுங்க.”

வெட்கம் எங்கே போனதென்று தெரியவில்லை, நேரே பார்மசிக்குப் போனேன். வழியெல்லாம் பஞ்சுமேல் நடந்தேன். அம்ரா தனியாக நின்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

“காதுமடலை மெதுவா இழுத்துப் பாருங்க.”

இழுத்தேன். உயிர் போய் வந்தது.

“அப்ப வெளிக்காதுதான். சீழ் வருதா? முந்தி எப்பவாவது செவிப்பறை கிழிஞ்சதா?”

“இல்ல.”

சின்னச் சொட்டுமருந்துப் போத்தல் ஒன்றை எடுத்து வைத்தாள். “சரிஞ்சு படுத்துக் காதுக்குள்ள சொட்டு விடுங்க. அஞ்சு நிமிஷம் எழும்பப்படாது. நோவுக்குப் பனடோல். சுகமாகும் வரைக்கும் கடல்ல இறங்காதீங்க. ரெண்டு மூணு நாளில குறையல்லெண்டா, காய்ச்சல் வந்தா, ஆஸ்பத்திரிக்குப் போங்க. பஞ்சுக்குச்சி, எண்ணெய், பால் ஒண்டும் உள்ள போகப்படாது.”

பால் என்றபோது குரல் உடைந்தது.

“மௌலவிட்ட போனீங்களாம். அவர்ட பொஞ்சாதி றாத்தாக்குப் போன் எடுத்துச் சொன்னாவாம். நான் எடுத்தா நீங்க பேசல்ல. இந்தக் கல்யாணம் கூடாதெண்டு சொல்ல ஒரு காரணம் தேடித்தானே போனீங்க?”

கண் நிறைந்திருந்தது. நான் அழைப்பை எடுக்காத நேரமெல்லாம் இவள் இந்தப் பயத்தைச் சுமந்திருக்கிறாள்.

“அவர் கூடாதெண்டு சொல்லியிருந்தா கிண்ணியா மௌலவிட்டப் போயிருப்பன், அம்ரா. அங்கயும் கூடாதெண்டா மூதூருக்கு. ஆகும் எண்டு சொல்ற ஒராளக் காணும் வரைக்கும் வீடு திரும்பியிருக்க மாட்டன்.”

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, போத்தலை என் பக்கம் தள்ளினாள்.

“மருந்த ஒழுங்கா விடுங்க மச்சான். கல்யாணத்துக்குப் பிறகு நான் ஏசுறது ரெண்டு காதுக்கும் கேக்கோணும்.”