ஒப்புதல் பெற்ற மாடு

ஓலைக்காட்டுப்புதூர் பேரூராட்சியின் கவுன்சிலர்களில் பெரும்பாலானோருக்குச் சொந்தமாக பனியன் கம்பெனி இருந்தது. மற்றவர்களுக்கு மச்சான் பெயரில் இருந்தது. கோமளாவுக்கு மட்டும் பஸ் ஸ்டாண்டு முக்கில் ஒரு மளிகைக் கடை. பேரூராட்சிக்குச் சொந்தமான பழைய கடை வரிசையில் இன்னும் ஷட்டர் திறக்கும் ஒரே கடை அதுதான். வீட்டு அடுப்பு, மகள் தேஜஸ்ரீயின் கல்லூரி, தேர்தலில் நின்று ஜெயிக்கும் அளவுக்கு ஊரில் கிடைத்த பழக்கம் எல்லாம் அந்தக் கடையில் இருந்து வந்தவை.

அந்த வரிசையை இடித்துவிட்டு அங்கே குளுகுளு சூப்பர் மார்க்கெட் கட்ட ‘கூடைவனம்’ என்ற கம்பெனி அனுமதி கேட்டது. சாக்கடை அடைப்புக்கும் தெருவிளக்குக்கும் அடுத்த பொருளாக அது கூட்டத்துக்கு வந்தது.

“இது வந்துட்டா நம்மூரு திருப்பூராட்டம் ஆயிருமுங்க” என்றார் தலைவர் மகுடேஸ்வரன். குழந்தைகளுக்கான டீ சர்ட் ஏற்றுமதி செய்பவர். திருப்பூராட்டம் என்றால் அதன் ட்ராஃபிக்கா, தண்ணீரா என்று யாரும் கேட்கவில்லை. எல்லோரும் மேசையைத் தட்டினார்கள்.

கோமளா தட்டவில்லை. முந்தின வாரமே தலைவரைத் தனியாகப் பார்த்துக் கடையை விட்டுவைக்கும்படி கேட்டிருந்தாள். “அந்த மார்க்கெட்டுக்குள்ளயே உங்களுக்கு ஒரு வேலை போட்டுக் குடுக்கச் சொல்றனுங்க அம்மிணி. யூனிபார்ம் எல்லாம் தருவாங்க” என்று அவர் ஆறுதல் சொல்லியிருந்தார். மறுபடி அழுது பயனில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. எழுந்து நின்று வேறொன்றைக் கேட்டாள்.

“ஏனுங்க தலைவருங்க, சாம்பிள் பாக்காமயா ஆர்டர் போடறது?”

எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள்.

அங்கே இருந்தவர்கள் எல்லாம், தாங்கள் பார்த்திராத தேசங்களின் பார்த்திராத மனிதர்களுக்கு வருடக்கணக்கில் சாம்பிள் அனுப்பி வாழ்ந்தவர்கள். கழுத்து தளர்வு, ரோஸ் போதவில்லை, பட்டன் சோகமாக இருக்கிறது என்றெல்லாம் அந்த மனிதர்கள் எழுதும் கமெண்ட்டுகளுக்குப் பணிந்து, திருத்தி, மறுபடி கூரியரில் போட்டவர்கள். தாங்களே ஒரு நாள் ஆர்டர் கொடுக்கும் பையராக உட்காரலாம் என்பது அதுவரை அவர்களுக்குத் தோன்றவில்லை. தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கவுன்சிலர் அப்புசாமி சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

“சாம்பிள் வரட்டும்” என்றார் தலைவர், வாழ்நாள் முழுக்கக் காத்திருந்தவரைப் போல.

சேதி கூடைவனத்தின் ஆள் செல்வக்குமாருக்குப் போனது. பெருமாநல்லூர்க்காரன். பனியன் கம்பெனிகளில் மெர்ச்சண்டைசராக இருந்து, பையர்களுக்குப் பதில் எழுதியே வயிற்றில் புண் வந்து, இனி சாம்பிள் என்ற சொல்லே காதில் விழாது என்று நம்பி மளிகைத் தொழிலுக்கு வந்தவன். போனை வைத்துவிட்டு ஒரு மாத்திரை போட்டுக்கொண்டான். பிறகு கோயம்புத்தூரில் சொல்லி, சாப்பாட்டு மேசை அகலத்துக்கு ஒரு மாதிரிக் கட்டடம் செய்து வாங்கினான்.

செய்தவர் சிரத்தையானவர். இடத்தின் போட்டோவைப் பார்த்து பஸ் ஸ்டாண்டு, வேப்பமரம், முக்கில் கோமளாவின் கடை எல்லாவற்றையும் வைத்திருந்தார். மஞ்சள் பெயிண்ட் தீர்ந்துபோனதால் கடை நீலமாக இருந்தது. கையில் மிச்சமிருந்த ஒரு வெள்ளை மாட்டையும் கடை முன்னால் ஒட்டிவிட்டார்.

கவுன்சிலர்கள் மாதிரியைச் சூழ்ந்தார்கள். ஒருவர் டேப் பிடித்தார். ஒருவர் சுவரைக் கட்டைவிரலால் தேய்த்து முகர்ந்தார்.

“ஷேடு ஒரு டோன் டார்க்கா இருக்குதுங்களே.”

“படிக்கட்டு லூசுங்க. கொஞ்சம் பிடிக்கோணும்.”

“மாடு எதுக்குங்க நிக்குது?” என்றார் அப்புசாமி. “ஃபாரின்ல எங்கியாச்சும் சூப்பர் மார்க்கெட் முன்னால மாடு நிக்குமா? எடுத்துருங்க.”

“அந்த முக்குக் கடையும் வேண்டாம்” என்றார் தலைவர், கோமளா இருந்த பக்கம் திரும்பாமல். “திருத்தி அனுப்புங்க தம்பி. ரொம்ப அர்ஜண்ட். ஆனா நாங்க பதில் சொல்ல லேட்டாகும்.”

கோமளாவுக்கு உள்ளுக்குள் நிம்மதி. கமெண்ட்டிலேயே செத்துப்போன ஆர்டர்கள் எத்தனை என்று கடைக்கு வரும் தையல்காரர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறாள். இந்த வேகத்தில் போனால் தேஜஸ்ரீ படித்து முடித்து, வேலைக்கும் போய்விடுவாள்.

செல்வக்குமார் மாதிரியை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் போர்வை போட்டு மூடினான். தொடவே இல்லை. அவன் மனைவி அதன்மேல் துவைத்த துணியை மடித்து வைத்தாள். அடுத்த கூட்டத்துக்கு முன்னால் அவன் செய்த ஒரே வேலை, ‘திருத்தியது’ என்று எழுதிய அட்டையைக் கட்டியதுதான். அனுப்பிய டீ சர்ட்டையே மறுபடி அனுப்பினால் ‘இப்போது அருமை’ என்று பையர் பதில் எழுதுவார். முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்த கம்பெனியில் கற்ற வித்தை அது. முதலாளியே பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொடுத்தார். அந்த முதலாளி மகுடேஸ்வரன்.

இப்போது அவர் மாதிரியின் முன்னால் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார்.

“இப்பத்தான் ஷேடு கரெக்டா வந்திருக்குது.”

“படிக்கட்டும் நல்லாப் புடிச்சிருக்காங்க” என்றார் டேப் வைத்திருந்தவர். இந்த முறை அவர் டேப்பைப் பிரிக்கவில்லை.

அப்புசாமி நன்றாகக் குனிந்து பார்த்தார். அவருடைய சட்டைப்பை மாட்டின் கொம்பில் உரசியது. “நான் சொன்னதெல்லாம் பண்ணிட்டாங்க. வாய் தொறந்து சொன்னாத்தான வேலை நடக்குது.”

கோமளா பார்த்தாள். நீலக் கடை அங்கேயே இருந்தது. மாடும் இருந்தது. சொல்ல வாய் எடுத்தாள். சொன்னால் மூன்றாவது சாம்பிள் வரும். அதில் கடை இருக்காது. வந்த சொல்லோடு ஒரு மிடறு தண்ணீரையும் விழுங்கினாள்.

“எல்லாருக்கும் திருப்தின்னா சீல் வெச்சிரலாமுங்களா?” என்று கேட்டாள்.

பனியன் தொழிலில் சீல் வைத்த சாம்பிள் சாமி மாதிரி. ஒப்புதல் கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்த பிறகு ஒரு நூல் மாறக்கூடாது. மொத்தச் சரக்கும் அதே மாதிரி வரவேண்டும். எத்தனையோ சீல்களுக்குத் தலைவணங்கியவர்கள் தாங்களே ஒரு சீல் வைக்கப் போகிறோம் என்றதும் நெகிழ்ந்துபோனார்கள். கோமளா முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டாள். அரக்கு உருக்கி ஊற்றினார்கள். மாதிரி கண்ணாடிப் பெட்டிக்குள் போய்த் தலைவரின் அறையில் உட்கார்ந்தது.

ஆடி கழிந்ததும் ஜேசிபி வந்தது. பூட்டிக் கிடந்த கடைகள் உதிர்ந்தன. முக்குக் கடைக்கு முன்னால் வந்து அது நின்றபோது கோமளா குறுக்கே படுக்கவில்லை. ஷட்டரை இறக்கிவிட்டு நேராகத் தலைவரின் அறைக்குப் போனாள். செல்வக்குமாரும் அங்கே இருந்தான்.

“சீல் வெச்ச சாம்பிள்ல என்ர கடை இருக்குதுங்களே. பாத்துட்டுத்தான் இடிக்கறாங்களான்னு கேக்க வந்தேன்.”

மகுடேஸ்வரன் கண்ணாடிப் பெட்டியை முதல்முறையாகப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு செல்வக்குமாரைப் பார்த்தார். அவன் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தான்.

“எடுக்கச் சொன்னமே” என்றார்.

“சொன்னீங்க. எடுத்தாச்சுன்னும் நீங்கதான் சொன்னீங்க. பாக்காம சீல் போட்டம்னு கூட்டத்துல ஒரு வார்த்தை சொல்லீட்டீங்கன்னா போதுமுங்க, நானே ஷட்டரைக் கழட்டிக் குடுத்தர்றேன். திருப்பூர் காதர்பேட்டை பனியன் கடைக்காரங்க கேட்டா நாலு பேரு சிரிப்பாங்க. அவ்வளவுதான?”

லஞ்சம் வாங்கினார் என்று சொன்னால் மகுடேஸ்வரனும் சேர்ந்து சிரிப்பார். ரோட்டைக் காணோம் என்றால் மழையைக் காட்டுவார். ஆனால் சாம்பிள் பார்க்கத் தெரியாத ஆள் என்று பேர் வாங்கினால் அப்புறம் இந்த ஊரில் சம்பந்தம்கூட அமையாது.

“வேணும்னேதான் விட்டது” என்றார் கடைசியில். “ஊருன்னா பழைய கடை ஒண்ணு இருக்கோணும். நான்தான் யோசிச்சுச் சொன்னேன். தம்பி, எல்லாம் சாம்பிள் மாதிரியே வந்துரோணும். ஆமா.”

“மாடுங்க?” என்று செல்வக்குமார் மெதுவாகக் கேட்டான்.

தலைவர் பெட்டியைத் திரும்பப் பார்த்தார்.

“மாடும்தான்.”

திறப்பு விழா அன்று கூடைவனம் கோமளாவின் கடையைச் சுற்றி வளைந்து நின்றது. கம்பெனி செலவில் கடைக்கு நீல பெயிண்ட் அடித்திருந்தார்கள். மஞ்சள்தான் ராசி என்று அவள் வாதாடவில்லை. கடையின் முன்னால் அப்புசாமியின் தோட்டத்து மாடு கட்டியிருந்தது. காலையில் கூட்டிவந்து மாலையில் திருப்பிக் கூட்டிப்போக அவருக்கும் கம்பெனிக்கும் மாத வாடகை பேசி முடிந்திருந்தது. மாடு எதற்கு என்று ஊரில் கேட்டவர்களிடம் எல்லாம், ஃபாரினில் இப்போது இதுதான் ஸ்டைல் என்று அவரே விளக்கினார்.

“அண்ணா, சாம்பிள்ல வெள்ளை மாடு” என்றார் டேப் கவுன்சிலர். “இது செவலையா இருக்குதுங்களே.”

“ஒரு டோன் வித்தியாசம் அலவ் பண்றதுதானுங்க” என்றார் அப்புசாமி. பிறகு கடைக்குள் எட்டிப் பார்த்தார். “கோமளா, வெயில் ஏறுது. மாட்டுக்கு ஒரு பக்கெட் தண்ணி வெச்சு உடு கண்ணு.”

கோமளா துவரம்பருப்பை நிறுத்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

“வெச்சிருவனுங்ணா. ஆனா சாம்பிள்ல பக்கெட் இல்லீங்களே.”