உப்பைப் பார்க்காத கண்

"அப்ப ஆஸ்பத்திரியில பிள்ளைக்கு ரத்தம் எடுத்துப் பார்க்கேல்லையா?" பக்கத்துப் பாத்தியிலிருந்து பூமணி கேட்டாள்.

"எங்க அக்கா எடுத்தாங்க? நெத்தியில விரலால ஒரு அழுத்து. 'உங்கட ஆக்கள்ட பிள்ளைகள் கறுப்புத்தானே, இது நிறம்'ண்டு அனுப்பிட்டாங்க. பக்கத்துக் கட்டில் வெள்ளப் பிள்ளைக்கு மஞ்சள் காமாலைண்டு அப்பவே நீல வெளிச்சம் போட்டாங்க."

ஹாசிம் உப்பு வாரும் பலகையைப் பாத்திக்குள் தள்ளி இழுத்தான். விடிந்தும் விடியாத வெளிச்சத்தில் உப்பு சரசரவென்று குவிந்தது. குதிகால் வெடிப்புகளுக்குள் உவர்நீர் புகுந்து எரித்தது. வீட்டில் மனைவி அக்கீலாவின் மடியில் கிடக்கும் ஐந்து நாள் மகள் நேற்றிலிருந்து பாலுக்கு வாய் திறக்கவில்லை.

"நேத்து பின்னேரம் வீட்ட போய்ப் பார்த்தா கண் மஞ்சளாத்தான் தெரிஞ்சிச்சி. பகலெல்லாம் உப்பப் பார்த்த கண், அப்படித்தான் தெரியும்ண்டு அக்கீலாட வாய நான்தான் அடைச்சேன்."

பூமணியின் பலகை நின்றது. உப்பளத்தில் எல்லாரும் சொல்லிக்கொள்ளும் சமாதானம்தான் அது. வெள்ளையையே பார்த்து வீடு திரும்பும் கண்ணுக்குச் சுவரும் சோறும் பிள்ளையும் மஞ்சளாகத்தான் தெரியும்.

"என்ட மகனுக்கும் நான் இதைத்தான் சொன்னன். அங்கயும் நிறம் எண்டுதான் அனுப்பினவங்கள். மஞ்சள் தலைக்கேறி அவன்ட காது போச்சுது. இப்ப முதுகுக்குப் பின்னால நிண்டு கத்தினாலும் திரும்பமாட்டான்."

ஹாசிம் நிமிர்ந்தான். "இண்டைக்கு சுபஹுத் தொழுகைக்கு முந்தி எழும்பிப் பார்த்தேன் அக்கா. உப்பப் பார்க்காத கண். மஞ்சள்தான்."

"பிறகு ஏன் தம்பி இங்க நிக்கிறாய்?"

அவன் வரம்பைப் பார்த்தான். நாலு பக்கமும் உவர்நீர். வெளியே போக அந்த ஒற்றை வரம்புதான். அதன் முனையில் முதலாளி அத்தாஉல்லா. அவருக்குப் பின்னால் கடல்மேல் மேகம் கறுத்திருந்தது. மழைக்கு முன் உப்பை வாராமல் போகிறவன் திரும்பி வரத் தேவையில்லை என்று நேற்றே சொல்லியிருந்தார்.

"என்ன, பலகை சும்மா நிக்கிது?"

"பிள்ளைய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும், ஹாஜியார்."

"டொக்டர் ஒண்டுமில்லண்டாரே. நீ டொக்டரா?"

"இல்ல. பிள்ளைட வாப்பா."

"உன்ட பாத்திய யாரு வாருற? இவங்களா?" அத்தாஉல்லா மற்றப் பாத்திகளில் நின்றவர்களைக் காட்டினார்.

"நாங்களும் போறம்." பூமணி பலகையை வரம்பில் போட்டாள். "தனியப் போனா வாசல்லயே திருப்பிடுவாங்கள். என்னைத் திருப்பினவங்கள்."

"மழ கரைச்சா கூலி கேட்டு என்ட வாசலுக்கு வராதீங்க!"

"உப்பு கரைஞ்சா திரும்ப விளையும் ஹாஜியார்," யாரோ சொன்னார்கள். "பிள்ள?"

பலகைகள் ஒவ்வொன்றாக வரம்பில் விழுந்தன. அத்தாஉல்லா கடைசியாக மேகத்தைப் பார்த்து, ஓரமாக ஒதுங்கினார். உப்பேற்ற வந்த லேண்ட்மாஸ்டர் டிராக்டர்காரன் அவர்களுக்கு இடம் விட மூட்டைகளைக் கீழே தள்ளினான்.

அக்கீலாவையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரி வளைவில் திரும்பும்போது முதல் தூறல் விழுந்தது. ஒருவரும் உப்பளப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

வார்டுத் தரையெங்கும் உப்புப் பூத்த கால்களின் தடம். வந்தவர்கள் கட்டிலைச் சுற்றி நின்றார்கள்; நகரவில்லை. தாதி ஒருமுறை அவர்களைப் பார்த்தாள். பிறகு பிள்ளையின் நெற்றியை நோக்கி விரலை நீட்டினாள்.

ஹாசிம் குனிந்து, தன் உள்ளங்கையால் மகளின் நெற்றியை மூடினான். தெரிந்த கொஞ்சச் சிங்களத்தில் சொன்னான்:

"தோலப் பார்க்காதீங்க மிஸ். ரத்தத்த எடுத்துப் பாருங்க."